‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்: தாம்பெரேயில் ஒன்பது குளிர்காலம்

பின்லாந்துக்கு வந்த மூன்றாவது வாரம். அலுவலக நண்பர் ஒருவர் சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு அழைத்திருந்தார். மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் போனேன். மேசையில் ஏலக்காயும் பட்டையும் மணக்கிற சுருள் ரொட்டி, தட்டு நிறைய. அதற்கு அவர்கள் மொழியில் ‘காதோரம் ஓர் அறை’ என்று பொருள்படும் பெயர். பக்கத்தில் ஆவி பறக்கும் காபிக் குடுவை.

“காபி?” என்றார்.

“ஐயோ, வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம்” என்றேன். பொய்தான். ஒருவர் வீட்டுக்குப் போய் முதல் வாயிலேயே ‘கொடுங்கள்’ என்று சொல்லும் பழக்கம் நமக்கு ஏது? அவர்கள் இன்னொரு தடவை கேட்பார்கள், நாம் இழுப்போம், மூன்றாவது தடவை கேட்காமலே டம்ளர் கைக்கு வந்துவிடும். திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்த உலகம் அப்படித்தான் நடந்தது.

இவர் சரி என்று தலையாட்டினார். தனக்கும் தன் மனைவிக்கும் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். குடுவை காலியாகிக்கொண்டே வந்தது. உபசாரம் தெரியாத என் மகள் மட்டும் “எனக்கு அது வேணும்” என்று கைகாட்டி இரண்டு ரொட்டி வாங்கித் தின்றாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் என் மனைவி, “சரியான கஞ்சப் பிசினாறி” என்றாள். நானும் ஆமாம் போட்டேன். அவர் எங்களுக்கு மரியாதை செய்திருக்கிறார் என்று புரிய ஒரு வருடத்துக்கு மேலானது. வளர்ந்த மனிதன் வேண்டாம் என்கிறான், அதைச் சந்தேகிக்க நான் யார்? இதுதான் அவர்கள் கணக்கு. இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் என் முதல் இரண்டு வருடங்கள் பாதி சுலபமாகப் போயிருக்கும்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். பின்லாந்து பரப்பில் தமிழ்நாட்டைப்போல் இரண்டரை மடங்கு. மக்கள் 56 லட்சம்தான், சென்னையைவிடக் குறைவு. 1809 வரை சுவீடனின் பகுதியாக இருந்து, பிறகு ரஷ்யப் பேரரசின் கீழ் போய், 1917 டிசம்பர் 6 அன்று விடுதலை அறிவித்துக்கொண்ட நாடு. சுவீடிஷ் மொழி இன்றும் இரண்டாவது ஆட்சிமொழி. நான் இருக்கும் தாம்பெரே இரண்டு ஏரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஓர் ஏரியின் தண்ணீர் இன்னொன்றுக்குள் பாய்ந்து இறங்கும் அருவியை நம்பித்தான் 1820-ல் இங்கே பின்லேசன் ஆலை வந்தது. பிறகு பஞ்சாலை நகரமாக வளர்ந்ததால் உள்ளூர்க்காரர்கள் ‘பின்லாந்தின் மான்செஸ்டர்’ என்பார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் கோபிக்கக் கூடாது.

பதினைந்து கிலோமீட்டர் மேற்கே நோக்கியா. அது ஓர் ஊரின் பெயர் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். முதல் தடவை ‘நோக்கியா’ என்று எழுதிய பேருந்து வந்து நின்றபோது விளம்பரம் என்றே நினைத்தேன்.

நாங்கள் வந்தது 2016 நவம்பரில். வரக்கூடாத மாதம். அந்த மாதத்துக்கே ‘சாவு மாதம்’ என்கிற பொருளில் மர்ரஸ்கூ என்று பெயர். பனி இன்னும் நிலைத்திருக்காது. தரை கறுப்பு, வானம் சாம்பல். டிசம்பர் கடைசியில் தாம்பெரேயில் காலை ஒன்பதே முக்கால் வாக்கில் விடிந்து மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அலுவலகம் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. குளிர் என்னைப் படுத்தவில்லை, இருட்டுதான் படுத்தியது. காரணமில்லாமல் எரிச்சல் வரும், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை தூக்கம் வரும். மருந்துக் கடையில் வைட்டமின் டி வாங்கி தினமும் போடுங்கள். சூரியன் எட்டிப் பார்க்கிற அந்த நடுப்பகல் நேரத்தில் சோற்றை முடித்ததும் இருபது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். முதல் வருடம் இதைச் சொன்ன சக ஊழியரைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டாம் வருடம் அவருக்கு முன்னால் நான் கிளம்பினேன்.

உடையில் என் செலவெல்லாம் தப்பான இடத்தில் போனது. பெரிய, விலை கூடிய கோட்டு வாங்கினேன். அடியில் பருத்தி பனியன். பேருந்துக்கு ஓடினால் வேர்க்கும், வேர்வை பனியனில் தங்கும், நின்றால் அந்த ஈரமே குளிரும். உடம்பை ஒட்டிக் கம்பளி, அதன்மேல் இன்னொன்று, கடைசியில் காற்றுப் புகாத ஒன்று. கோட்டு சுமாராக இருந்தாலும் போதும். மைனஸ் இருபது கொடுமை என்று நினைப்போம். உண்மையில் அது காய்ந்த, வெளிச்சமான, அழகான குளிர். கொடுமை என்பது பூஜ்யம். உருகி, மறுபடி உறைந்து, அதன்மேல் ஒரு படலம் தண்ணீர் நிற்கும்.

அப்படி ஒரு ஜனவரி காலையில் பேருந்து நிறுத்தத்தில் மல்லாக்க விழுந்தேன். நான்கு பேர் நின்றிருந்தார்கள், ஆளுக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில். ஒரு பெண் திரும்பி, “சத்துய்கோ?” என்றார். அடிபட்டதா என்று அர்த்தம். வெட்கத்தில் “இல்லை, இல்லை” என்றேன். அவர் முன்போலவே சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். இடுப்பு விண்விண் என்று தெறிக்க நானே எழுந்தேன். நம் ஊர் என்றால் இதற்குள் ஒருவர் தூக்கியிருப்பார், ஒருவர் சோடா வாங்கி வந்திருப்பார், இன்னொருவர் நகராட்சியைத் திட்டியிருப்பார். அன்று எனக்கு அழுகையே வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர் கேட்டார். இல்லை என்றது நான். அடுத்த வருடம் அதே இடத்தில் ஒரு பெரியவர் விழுந்து, “ஆமாம், கை வலிக்கிறது” என்றார். நின்ற அத்தனை பேரும் நகர்ந்தார்கள். ஒருவர் 112-க்கு அழைத்தார், ஒருவர் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார், ஆம்புலன்ஸ் வரும்வரை யாரும் பேருந்தில் ஏறவில்லை.

குளிர்காலத்துக்கு முள் பதித்த காலணிகள் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். இருட்டில் நடக்கிறவர் ஒளி திருப்பும் சிறு வில்லை ஒன்றைக் கோட்டில் தொங்கவிட வேண்டும். கறுப்புக் கோட்டுக்காரனை ஓட்டுநரால் பார்க்க முடியாது. சாவிக்கொத்துப் பொம்மை மாதிரி இருக்கும், மகள் பையில் ஆந்தை, என் பையில் நட்சத்திரம்.

காகித வேலைகளில் எனக்கு ஆன இரண்டு சேதங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வரி அட்டை. வந்ததும் வரி அலுவலகத்தில் அதை வாங்கி முதலாளியிடம் சேர்க்காவிட்டால் சம்பளத்தில் அறுபது சதவீதம் பிடிப்பார்கள். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று இருந்துவிட்டேன். பிடித்தார்கள். பிற்பாடு திரும்பி வந்தது என்றாலும் அந்த டிசம்பரைச் சேமிப்பில்தான் ஓட்டினோம். குடியிருப்பு அனுமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. வாட்ஸாப் குழுவில் வருகிறதை நம்பாமல் குடிவரவுத் துறையின் பக்கத்தையே பாருங்கள்.

இரண்டாவது, பெயர். நமக்கு முதலெழுத்துத்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம். விளைவு, வாசல் கதவில், தபால் பெட்டியில், சுகாதார நிலையத்து அழைப்பில் எல்லாம் அப்பாதான். பாளையங்கோட்டையை விட்டு அதிகம் நகராத மனிதர். அவர் பெயரின் முதல் அசையில் ஓங்கி அடித்து ஒரு செவிலியர் கூப்பிடும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். வங்கி, குடியிருப்பு, பாஸ்போர்ட் மூன்றிலும் எழுத்து மாறாமல் ஒரே மாதிரி இருக்கட்டும். அவ்வளவுதான் நம்மால் முடிந்தது.

சுகாதார நிலையம் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே நேரே போய் டாக்டர் முன்னால் உட்கார முடியாது. முதலில் தொலைபேசியில் செவிலியர் பேசுவார், அவர்தான் யாருக்கு என்ன அவசரம் என்று பிரிப்பார். என் மனைவிக்கு முதுகுப் பிடிப்பு. கட்டிலில் இருந்து எழ முடியவில்லை. “வலி பத்துக்கு எத்தனை?” என்றார்கள். இவள், பாவம், அந்நிய ஊரில் அலட்டிக்கொள்ளக் கூடாது என்று “நாலு இருக்கும்” என்றாள். புரானா போட்டுக்கொண்டு ஓய்வெடுங்கள், மூன்று நாளில் சரியாகாவிட்டால் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார்கள். (புரானா என்பது வலி மாத்திரை. இந்த நாட்டில் எதற்கும் அதைத்தான் கொடுப்பார்கள் என்று பின்லாந்துக்காரர்களே கேலி செய்வார்கள்.) மறுநாள் நான் கூப்பிட்டு, “எட்டு, எழவே முடியவில்லை, கால் மரத்துப்போகிறது” என்று சொன்னேன். அன்று மதியமே டாக்டர் பார்த்தார். கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. முதல் நாளும் அது எட்டுதான்.

மொழிக்கு வருவோம். இதில் எனக்குத் தீராத ஆசை, கொஞ்சம் நீளும்.

‘பின்னிஷ் உலகத்திலேயே கஷ்டமான மொழி, பதினைந்து வேற்றுமை’ என்று ஆங்கிலம் பேசுகிறவர்கள் பயமுறுத்துவார்கள். தமிழருக்கு அந்தப் பயம் தேவையில்லை. தலோ என்றால் வீடு. தலோஸ்ஸா, வீட்டில். தலோஸ்தா, வீட்டிலிருந்து. தலோஸ்ஸனி, என் வீட்டில். சொல்லின் வாலில் உருபை ஒட்டிக்கொண்டே போகும் வேலையை நாம் மூன்று வயதிலிருந்து செய்கிறோம். துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். என் வகுப்பில் இருந்த ஸ்பானியர்களும் பிரிட்டிஷ்காரர்களும் இந்த மூன்றையும் பிரிக்க முடியாமல் தவித்தார்கள். குறில், நெடில், ஒற்று என்று சொல்லிக்கொடுத்து வளர்த்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ஆசிரியை என்னைப் பார்த்து, “நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறீர்களா?” என்றார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

அதைவிட ஆச்சரியம், எழுத்து மொழியும் பேச்சு மொழியும் வேறு வேறு. புத்தகத்தில் ‘மினா ஒலென்’ (நான் இருக்கிறேன்) என்று மனப்பாடம் செய்துவிட்டுத் தெருவுக்கு வந்தால் ‘மா ஓன்’ என்கிறார்கள். மற்றவர்கள் ஏமாற்றப்பட்டதுபோல் உணர்ந்தார்கள். ‘இருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு ‘இருக்கேன்’ என்று பேசுகிற நமக்கு இது வீட்டு விஷயம். அவனுக்கும் அவளுக்கும் சேர்த்து ‘ஹான்’ என்று ஒரே சொல். இதில் மட்டும் நான் தடுமாறினேன். சக ஊழியர் ஒருவர் தன் மேலாளரைப் பற்றி ஆறு மாதம் பேசியும் அது ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் வேறு இடத்தில். எல்லோருக்கும் நல்ல ஆங்கிலம் தெரியும். நாம் திக்கினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், உதவி என்று நினைத்து. “பின்னிஷிலேயே பேசலாம், நான் கற்றுக்கொள்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் பொறுமையாகப் பேசுவார்கள். சொல்லாமல் பத்து வருடம் ஓட்டிய நண்பர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் வேலை இருக்கும்வரை ஓடும். துணையாக வருபவருக்குத்தான் விலை. என் மனைவி முதுகலை கணக்குப் படித்தவள். மொழி இல்லாமல் இரண்டு வருடம் ஒரு நேர்காணல்கூட வரவில்லை. வருகிற தம்பதிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான், குளிர் கோட்டைப் பற்றி அல்ல.

மகள் ஏழு வயதில் முதல் வகுப்பு சேர்ந்தாள். இங்கே அப்போதுதான் பள்ளி. மதியச் சாப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். 1943-ல் சட்டம் இயற்றி 1948 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், போரில் அடிபட்டு வறுமையில் இருந்த காலத்தில். காமராசர் காலத்து மதிய உணவில் படித்த என் அப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, “அப்ப பணக்காரன் பிள்ளைக்கும் அதே சோறா?” என்று ஒரு கேள்விதான் கேட்டார். அதே சோறுதான். ஆசிரியையை மகள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், நான்தான் இன்னமும் வாய் வராமல் மென்று விழுங்குகிறேன். இரண்டாம் வாரமே பிள்ளைகள் தனியாக நடந்து போகலாம் என்றார்கள். ஒரு கிலோமீட்டர், நடுவில் சிறு காடு. என் மனைவி ஒரு மாதம் மரத்துக்கு மரம் ஒளிந்து பின்னாலேயே போனாள். எதிரே வந்த ஒரு கிழவர் மட்டும், “எதையாவது தொலைத்துவிட்டீர்களா?” என்று கேட்டாராம்.

இனி சவுனா, அதாவது அவர்களுடைய நீராவிக் குளியல் அறை. 56 லட்சம் பேருக்கு முப்பது லட்சத்துக்கும் மேல் சவுனாக்கள். 2020-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. தாம்பெரேயின் பிஸ்பலா மேட்டில் இருக்கும் ராயபோர்த்தி 1906-ல் திறந்தது, நாட்டில் இன்றும் இயங்கும் பொதுச் சவுனாக்களில் அதுதான் பழையது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. உள்ளே துணி கிடையாது. இதைக் கேட்டதும் இரண்டு வருடம் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். காபிக்காரர்தான் கடைசியில் கூட்டிப்போனார். பத்து நிமிடத்தில் வெட்கம் போய்விடுகிறது, ஏனென்றால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

முதலில் நன்றாகக் குளித்துவிட வேண்டும். உட்காரச் சிறு துணி கொண்டுபோங்கள். மேல் படி சூடு அதிகம், புதியவர் கீழ்ப்படியில் ஆரம்பிக்கலாம். சூடான கல் குவியலில் தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவிக்கு லொய்லு என்று பெயர். ஊற்றுமுன் மற்றவர்களைக் கேட்க வேண்டும். தாங்காவிட்டால் எழுந்து வெளியே போய்விடலாம், அது தோல்வி இல்லை. இங்கேயும் அதே விதிதான், ‘இன்னும் ஊற்றவா?’ என்றதற்கு வீம்புக்கு ‘சரி’ என்றேன், ஊற்றினார்கள். காது மடல் வெந்துவிட்டது.

சனிக்கிழமைதான் பழைய வழக்கப்படி சவுனா நாள். சனிக்கு அவர்கள் சொல்லும் லௌவந்தாய் என்கிற சொல்லே பழைய நார்ஸ் மொழியின் ‘குளியல் நாள்’ என்பதிலிருந்து வந்தது என்றார் நண்பர். சனிக்கிழமை தோறும் அம்மா தலையில் நல்லெண்ணெய் வைத்து அரக்க, கண் எரிச்சலோடு சீயக்காய்க்குக் காத்திருந்த எனக்கு அந்த மரப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்க என்னவோ செய்தது.

வாய் திறக்காத மனிதர்கள் அங்கேதான் பேசுகிறார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், காகித ஆலையில் நாற்பது வருடம் உழைத்தவர், எந்த முன்னுரையும் இல்லாமல் தன் மனைவி போன மாதம் இறந்ததைச் சொன்னார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டார். அடுத்த வாரம் கடைத்தெருவில் பார்த்தபோது லேசாகத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

எங்கள் எதிர்வீட்டு அம்மாவும் அப்படித்தான். இரண்டு வருடம் ‘மொய்’ (அவர்கள் ஊர் வணக்கம்) என்ற ஒரு சொல்லோடு சரி. படிக்கட்டில் நான் இருக்கும் சத்தம் கேட்டால் நான் போகும்வரை கதவைத் திறக்க மாட்டார். அதுவும் விரோதம் இல்லை, என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்கிற நினைப்பு. மே மாதம் குடியிருப்பில் தல்கோத் வந்தது. எல்லோரும் கூடிக் கூலியில்லாமல் முற்றத்தைச் சுத்தம் செய்வது. குளிர்காலம் முழுக்கப் பனிமேல் போட்ட சரளைக்கல்லும் மக்கிய இலையும் குவியும். நான் வாருகோலைத் துடைப்பம் மாதிரி பிடித்திருந்தேன். அவர் வந்து பேசாமல் என் கையை மாற்றி வைத்தார். மாலையில் நெருப்பு மூட்டிச் சாசேஜ் சுட்டார்கள். எனக்காகச் சைவச் சாசேஜ் ஒரு பொட்டலம் தனியாக இருந்தது. யார் வாங்கியது என்று யாரும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தோடு பழக வேண்டுமா, தல்கோத்தைத் தவறவிடாதீர்கள்.

போன ஜூலையில் அம்மா வந்தார்கள். இரவு பத்தரைக்கும் வெயில் அடிக்கிறதைப் பார்த்து, “எய்யா, இந்த ஊருல எப்பதான் படுப்பிய?” என்று தினமும் கேட்டார்கள். ஏரிக்கரைக் காட்டில் முஸ்திக்கா பழுத்திருந்தது, நாவல்பழத்தின் குட்டித் தம்பி மாதிரி. யாருடைய காடாக இருந்தாலும் பழம் பறிக்கலாம் என்று சொன்னதை அம்மா நம்பவே இல்லை. யாராவது வந்தால் சட்டென்று பாத்திரத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டார்கள். காளானை மட்டும் தொட விடவில்லை. நம் ஊர்க் காளான் மாதிரியே வெள்ளையாக ஒன்று இருக்கிறது, ஆளைக் கொல்லும். தெரிந்தவர் இல்லாமல் காளான் பறிக்காதீர்கள்.

திரும்பி வரும்போது எதிர்வீட்டு அம்மா முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காபிக் குடுவை, அப்போது சுட்ட ரொட்டி. அம்மாவைப் பார்த்து, “கஹ்வியா?” என்றார்.

அம்மாவுக்குச் சொல் புரியவில்லை, குடுவை புரிந்தது. கையை ஆட்டி, தலையை ஆட்டி, “அய்யய்யோ, வேண்டாம் தாயி, இப்பதான் குடிச்சோம்” என்றார்கள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிற பார்வை.

“ஆமாம், தாருங்கள்,” என்று பின்னிஷில் மொழிபெயர்த்தேன். “பால் கொஞ்சம் கூடுதலாக.”